தொழிற்பேட்டைக்கு நடுவுல முருகன் எப்படி வந்தார்? செம்பவாங் 'பேஸ்' ஆட்களின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. எம்ஆர்டியில போகும்போது படிங்க, இல்லைன்னா ராத்திரி சாப்பிட்டுட்டு உட்கார்ந்து படிங்க.

வடக்கு வட்டாரக் கோயில்களில் தொண்டூழியம் செய்யும் எங்களிடம் ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியைக் கேட்பாங்க. பெரும்பாலும் ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள். "அண்ணே, சுத்திவர ஃபேக்டரியா இருக்கு, லாரியா நிக்குது. இங்க போய் ஏன் முருகனுக்குக் கோயில் கட்டினாங்க?"

நியாயமான கேள்வி. ஈசூன் தொழிற்பேட்டை 'ஏ' என்பது புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தின் முகவரி. முகவரியில் தொழிற்பேட்டை, பெயரில் மரம். சுருக்கமாகச் சொன்னா, முருகன் முதல்ல இருந்த இடம் இது இல்லை. அவர் கான்பரா ரோட்டிலிருந்து வந்தவர். ஏன் வந்தார் என்று சொல்வதற்கு செம்பவாங்கின் கதையையே சொல்ல வேண்டும். இப்போது 'கான்பரா' என்றால் புது பிடிஓ வீடும், 2019 நவம்பரில் திறந்த எம்ஆர்டி நிலையமும்தான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் பெயர். 'செம்பு' என்று ஆரம்பிப்பதால் அது தமிழ்ப் பெயர் என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆசை இருக்கலாம், ஆனா உண்மை வேற. செம்பவாங் என்பது ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். செம்பவாங் பூங்காவுக்குப் போனால் அந்த மரத்தை இன்னும் பார்க்கலாம். வட்டாரத்துக்கும் மரத்தால் பெயர், கோயிலுக்கும் மரத்தால் பெயர். அது பாட்டுக்கு அமைஞ்சது.

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் முழுக்க ரப்பரும் அன்னாசியும்தான். லிம் நீ சூன் என்ற சீன முதலாளி இந்த வட்டாரத்தில் பெரிய நிலக்காரர். 'நீ சூன்' என்ற அவர் பெயரைத்தான் பிறகு மாண்டரின் உச்சரிப்பில் 'ஈசூன்' ஆக்கினார்கள். அவருடைய மகன் லிம் சோங் பாங். அவர் பெயரில்தான் சோங் பாங் கிராமம். டவுனிலிருந்து எத்தனை மைல் என்று கட்டைக் கணக்கில்தான் அப்போது இடம் சொல்வார்கள். இன்னைக்கும் வயசான தாத்தாக்கள் புளோக் நம்பரைச் சொல்லாமல் "அந்தக் கட்டைப் பக்கம்" என்று கையைக் காட்டுவது அதனால்தான்.

இந்த ரப்பர்க் காட்டை மாற்றியது லண்டனில் எடுத்த ஒரு முடிவு. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானின் கடற்படை பெருகிக்கொண்டே போனது. கிழக்கில் பெரிய போர்க்கப்பலைப் பழுதுபார்க்க பிரிட்டிஷாருக்கு இடம் இல்லை. 1923-இல் செம்பவாங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜொகூர் நீரிணை ஆழமானது, திறந்த கடலிலிருந்து பார்த்தால் தெரியாது. காடு வெட்டி, சதுப்பை நிரப்பி, மேட்டை இடித்து, பதினைந்து வருஷம் வேலை நடந்தது. 1928-இல் ஒரு மிதக்கும் கப்பல்துறையையே இங்கிலாந்திலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக இழுத்து வந்தார்கள். 1938 பிப்ரவரி 14-ஆம் தேதி, 1,000 அடி நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை திறக்கப்பட்டது. மொத்தச் செலவு 6 கோடி பவுண்டு என்று சொல்வார்கள்.

அந்த 6 கோடி பவுண்டில் மண்ணைச் சுமந்தவன் கூலி எவ்வளவு என்று யாரும் பெருமையாக எழுதி வைக்கவில்லை. சுமந்தவர்களில் நம்ம ஆட்கள் நிறைய. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள், கேரளாவிலிருந்து வந்த மலையாளிகள், கூடவே சீனர்கள், மலாய்க்காரர்கள், பஞ்சாபிகள்.

தளத்துக்குள் ரோடு போட்டதும் பெயர் வைத்தார்கள். கான்பரா, வெலிங்டன், மாண்ட்ரியல், ஜிப்ரால்டர், மால்டா, பெர்முடா. பிரிட்டிஷ் கொடி பறந்த ஊர்ப் பெயரெல்லாம் வரிசையாக வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவைப் பார்க்காத நம்ம ஆள் கான்பராவில் குடியிருந்தான். கனடா எங்கே இருக்கிறது என்று தெரியாத பாட்டி மாண்ட்ரியல் பக்கம் ஆடு மேய்த்தார்.

எல்லோரும் வெளியில் இதை 'நேவல் பேஸ்' என்பார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு வெறும் 'பேஸ்'. "எங்கப்பா பேஸ்ல வேலை", "நாங்க பேஸ் ஆளுங்க." சிங்கப்பூர்த் தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி எடை உண்டு. பேஸ் ஆளு என்றால் சம்பளம் ஒழுங்காக வரும், குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் வாசலில் காவல், உள்ளே போக வர பாஸ். வேலை போனால் வீடும் போகும். அந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அங்கேதான் திரும்பப் போகிறது.

பேஸுக்குள்ளும் வெளியிலும் வாழ்க்கை எப்படி இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டால் கதை நிற்காது. காலையில் சங்கு ஊதும். சைக்கிள் சைக்கிளாகக் கேட்டுக்குள் போகும். சாயங்காலம் மறுபடி சங்கு, மறுபடி அதே கூட்டம் வெளியே. ஆபீசர்களுக்கு மரங்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளை பங்களா. கிராணிகளுக்கு ஒரு வகைக் குவார்ட்டர்ஸ், கூலிகளுக்கு லைன் வீடு. கேட்டுக்கு வெளியே கம்பம். அத்தாப்புக் கூரை, தகரக் கூரை, கிணறு, வாழை, முருங்கை, கோழி. பெண்கள் ஆடு மாடு வளர்த்தார்கள், பால் விற்றார்கள், இட்லி அவித்து விற்றார்கள், வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைத்தார்கள். பேஸ் சம்பளம் என்று சொல்கிறோமே, அதோடு இந்தச் சில்லறையும் சேர்ந்துதான் குடும்பம் ஓடியது. சோங் பாங்கில் சந்தை, மளிகை, முடிதிருத்தும் கடை, படம் பார்க்க சுல்தான் தியேட்டர். கடலோரம் மலாய்க் கம்பங்கள். அவற்றில் கம்போங் வாக் ஹசான் ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது.

இப்போ கம்பாஸ் அவென்யூவில் பிள்ளைகள் முட்டை வேக வைக்கும் வெந்நீர் ஊற்றும் இந்த வட்டாரத்துச் சொத்துதான். 1909-இல் தெரியவந்தது. 1920-களில் ஃப்ரேசர் அண்ட் நீவ் நிறுவனம் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்றது. ஜப்பான்காரன் காலத்தில் அதைக் குளியல் தொட்டியாக்கினான். கம்பத்து ஆட்களுக்கு அது வாத வலிக்கு மருந்து, அவ்வளவுதான்.

கம்பத்து வாழ்க்கை சொர்க்கம் என்று எழுத எங்களுக்கு மனசு வரவில்லை. வாளிக் கக்கூஸையும் மழைக்கால வெள்ளத்தையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. இன்னொன்றும் சொல்லணும். ஊரிலிருந்து வரும்போது சாதியும் கப்பலில் ஏறித்தான் வந்தது. யார் வீட்டில் யார் தண்ணி குடிப்பது, யார் கையில் பூசை என்ற கேள்வியெல்லாம் லைன் வீட்டிலும் இருந்தது. படிப்பாலும் உத்தியோகத்தாலும் ஒரு கோடு இருந்தது. மலையாளிகளில் ஆங்கிலம் படித்து கிராணி வேலைக்கு வந்தவர்கள் அதிகம், தமிழர்களில் கைவேலைக்கு வந்தவர்கள் அதிகம். ஒருவரையொருவர் கிண்டல் செய்த கதைகள் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் மலையாளிகளிடம் நாம் பார்த்துக் கற்றுக்கொண்ட விஷயம் ஒன்று: சங்கம் வைப்பது. ஸ்ரீ நாராயண மிஷன் 1948-இல் இந்த வட்டாரத்து பேஸ் ஊழியர்களிடமிருந்து பிறந்ததுதான். நாராயண குருவின் பெயரைச் சொல்லி, சாதி பாராமல் ஒருவருக்கொருவர் உதவ ஆரம்பித்த கூட்டம் இன்று எல்லா இனத்து முதியவர்களுக்கும் இல்லம் நடத்துகிறது. ஈசூன் பக்கம் போகும்போது பாருங்கள்.

நடுவில் போர். உலர்துறை திறந்து சரியாக நாலு வருஷமும் ஒரு நாளும் ஆனபோது, 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்கு முன்பே கடற்படைக்காரர்கள் தளத்தைக் காலி செய்து கிளம்பிவிட்டார்கள். சூயஸ் வழியாக இழுத்து வந்த மிதக்கும் துறையைத் தாங்களே மூழ்கடித்தார்கள். யாரைக் காப்பாற்றக் கட்டினார்களோ தெரியவில்லை, கட்டிய ஆட்களை அது காப்பாற்றவில்லை. மூன்றரை வருஷம் மரவள்ளிக்கிழங்குதான்.

1945-க்குப் பிறகு வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், வேலையும் திரும்பி வந்தது. இந்த இரண்டாம் கட்டம்தான் பேஸின் செழிப்பான காலம். தொழிற்சங்கம் பலமானது, 1950-களில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. தமிழ், மலையாள, சீன, மலாய்த் தொழிலாளிகள் ஒரே வாசலில் உட்கார்ந்தார்கள். நாடகம், கால்பந்து, படிப்பகம், பத்திரிகை வாசிப்பு எல்லாம் வளர்ந்தது. எழுத்தாளர் கமலாதேவி அரவிந்தன் இந்த வாழ்க்கையை வைத்து 'செம்பவாங்' என்றே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். நூலகத்தில் கிடைக்கும், எடுத்துப் படிங்க.

நம்ம கோயில் கதைக்கு இங்கேதான் வருகிறோம். 1960-களின் தொடக்கத்தில் பேஸில் வேலை பார்த்த ஒரு தமிழருக்குக் கனவு வந்தது. கான்பரா ரோட்டுப் பக்கக் காட்டில் ஒரு மரம், மரத்தில் நாகம். தேடிப் போனபோது மரம் இருந்தது, நாகமும் இருந்தது என்பது தலவரலாறு. மரத்தடியில் விளக்கு வைத்தார்கள். சம்பள நாளில் காசு சேர்த்தார்கள். வேலை முடிந்து வந்தவர்கள் அதே கையால் மரம் அறுத்து, தகரம் அடித்து, தரை பூசினார்கள். வெல்டர், தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் பக்தர்களாகவே இருந்தால் கான்ட்ராக்டர் எதுக்கு? அந்தக் காலத்திலேயே இங்கே பங்குனி உத்திரம் தொடங்கிவிட்டது. தைப்பூசத்துக்கு டவுனுக்குப் போய்த் தேங் ரோட்டில் காவடி எடுப்பது செலவு, தூரம். தன் வாசலிலேயே முருகன் இருந்தால் பக்கத்து லைன் சீன அக்காகூட பால்குடம் எடுப்பார். எடுத்தார்கள். இன்றைக்கும் பங்குனி உத்திரத்தில் நிறைய சீன பக்தர்களைப் பார்க்கிறோம். சுற்றுலாத் துறை சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் இல்லை அது.

இப்போது அந்தத் திரும்பும் இடம்.

1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது: சீக்கிரமே கிளம்புகிறோம். அப்போது பிரிட்டிஷ் தளங்கள் எல்லாம் சேர்ந்து சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய 20 விழுக்காடு. நாடு சுதந்திரம் வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அரசாங்கம் பேசிப் பார்த்து, கெடுவை 1971 இறுதிவரை தள்ளி வைத்தது. கப்பல்துறையை ஒரே ஒரு வெள்ளிக்கு வாங்கியது. ஆமாம், 1 வெள்ளி. 1968 ஜூனில் தொடங்கிய செம்பவாங் ஷிப்யார்டு நிறுவனம் டிசம்பரில் துறையை ஏற்று நடத்த ஆரம்பித்தது. சரித்திரப் புத்தகத்தில் இதை வெற்றிக் கதையாகப் படிக்கிறோம். வெற்றிதான், மறுக்க முடியாது. போர்க்கப்பல் பார்த்த கைகள் எண்ணெய்க் கப்பலையும் சரக்குக் கப்பலையும் பார்க்கப் பழகின.

ஆனால் லைன் வீட்டில் அது வேறு மாதிரிக் கேட்டது. எல்லோருக்கும் ஷிப்யார்டில் இடம் இல்லை. பேஸ் ஆட்களில் நிறைய இந்தியர்கள் குடியுரிமை எடுக்காமலே இருபது முப்பது வருஷம் ஓட்டியிருந்தார்கள். குடும்பம் ஊரில், வேலை இங்கே, மாசாமாசம் பணம், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கப்பல். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாகியிருந்த நேரம் அது. வேலை போனது, வேலையோடு குவார்ட்டர்ஸும் போனது. பணிக்கொடையை வாங்கிக்கொண்டு, டிரங்குப் பெட்டியில் ஒரு சுவர்க் கடிகாரம், தையல் மெஷின் தலை, கோடாலித் தைலம் வைத்துக் கட்டி, 'ரஜுலா' கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் மெட்ராஸுக்கும் போனவர்கள் எத்தனையோ பேர். இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்பா மட்டும் போய், அண்ணன் மட்டும் இங்கே நின்றுவிட்ட வீடுகளும் உண்டு. எங்கள் தொண்டூழியர்களில் சிலருக்கு இன்றும் ஒரத்தநாடு பக்கமோ மன்னார்குடி பக்கமோ 'செம்பவாங் பெரியப்பா' ஒருவர் இருக்கிறார். அந்தக் கிராமத்தில் அவருக்கு அந்தப் பேர்தான். முப்பது வருஷம் இங்கே மண் சுமந்தவருக்கு ஊர் கொடுத்த பட்டம்.

1971-இல் கொடி இறங்கியது. நின்றவர்கள் நின்றார்கள்.

அடுத்த அடி மெதுவாக வந்தது. ஈசூன் புதுநகரில் வீவக வீடுகள் எழும்ப எழும்ப, 1980-களில் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சோங் பாங் கிராமத்தை 1989-இல் இடித்தார்கள். ஆனால் பெயர் மட்டும் ஈசூனுக்குக் குடிபோய்விட்டது. இன்று நாம் நாசி லெமாக் வாங்கப் போகும் சோங் பாங், பழைய சோங் பாங் இல்லை. பேஸ் மசூதியும் அப்படித்தான். தளத்துக்குள் தொழுகை நடத்திய சமூகத்துக்கு 2004-இல் அட்மிரல்ட்டி லேனில் அஸ்ஸியாஃபா பள்ளிவாசல் திறந்தது. கான்பரா ரோட்டு முருகனுக்கும் நோட்டீஸ் வந்தது.

கோயில் இடம் மாறுவது வீடு மாறுவது மாதிரி இல்லை. புது நிலத்துக்குப் பணம் கட்டணும், அதுவும் 30 வருஷக் குத்தகைக்கு. பாலாலயம் செய்யணும், சிற்பிகளை வரவழைக்கணும், கும்பாபிஷேகம் பண்ணணும். கப்பல்துறைச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள் பத்து வெள்ளி இருபது வெள்ளியாக ரசீது கிழித்துச் சேர்த்த பணம் அது. கிடைத்த நிலம் தொழிற்பேட்டையில். பூங்கா பக்கம், ஆற்றங்கரை, பெரிய ரோட்டு முனை என்று கேட்டிருக்கலாமே என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். இந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகாமல் இருந்ததே அப்போது பெரிய விஷயம். 1990-களில் புதுக் கோயில் எழுந்தது. மரம் வரமுடியாது, அதனால் பெயர் வந்தது.

இப்போ அந்தத் தம்பி கேள்விக்கு வருவோம். சுத்தி ஃபேக்டரி, லாரி. யோசிச்சுப் பாருங்க, வெல்டர்களும் ஃபிட்டர்களும் கட்டிய கோயிலுக்கு இது ஒண்ணும் அந்நியமான இடம் இல்லை. இன்று அங்கே வரும் கூட்டத்தில் பாதி யாரு? ஷிப்யார்டிலும் கட்டுமானத்திலும் வேலை செய்யும், தஞ்சாவூர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த தம்பிகள். குடும்பம் ஊரில், வேலை இங்கே, மாசாமாசம் பணம். கப்பலுக்குப் பதில் ஸ்கூட் விமானம். லைன் வீட்டுக்குப் பதில் தங்கும் விடுதி. வேலை போனால் இடமும் போகும், அதுவும் மாறவில்லை.

பங்குனி உத்திரத்தன்று பால்குடமும் காவடியும் கான்பரா பக்கமிருந்து ஈசூன் நோக்கி வரும்போது, சாலையோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கவனியுங்கள். ஜூரோங், பாசிர் ரிஸ், பொங்கோல் என்று பிள்ளைகள் வீட்டோடு சிதறிப் போனவர்கள் அன்றைக்கு மட்டும் திரும்பி வருகிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கும்போது அவர்கள் எங்களிடம் கேட்பது, "தம்பி, நீ எந்த லைன் புள்ள?" என்பதுதான். புளோக் நம்பரைச் சொன்னால் திருப்தி ஆவதில்லை. தாத்தா பேரைச் சொன்னால், "அட, பெயின்டர் மவன் வீட்டு ஆளா!" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களில் மூன்று பேருக்குத் தங்கள் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பதே அந்த மோர்ப் பந்தலில்தான் தெரியவந்தது.

வருஷத்துக்கு வருஷம் அந்த நாற்காலிகள் குறைகின்றன. 1960-இல் இருபது வயதில் பேஸில் சேர்ந்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கப்பல்துறை இருந்த கடலோரத்தையும் எதிர்காலத்தில் வேறு விதமாக மாற்றும் திட்டம் அரசாங்கத்திடம் இருக்கிறது. கறுப்பு வெள்ளை பங்களாக்களைப் பாதுகாக்க ஆட்கள் இருக்கிறார்கள், நல்லது. லைன் வீடு ஒன்றுகூட அப்படி நிற்கவில்லை. ஆபீசர் எங்கே தூங்கினார் என்பதைக் காட்ட வீடு இருக்கிறது, கூலி எங்கே தூங்கினார் என்பதைச் சொல்ல ஆள் மட்டும்தான் இருக்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பேஸ் பாஸ் அட்டை, குவார்ட்டர்ஸ் வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், கான்பரா ரோட்டுக் கோயில் காலத்து ரசீது, ரஜுலா டிக்கெட் ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போனில் ஒரு படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்க. படத்தில் இருப்பவர்கள் பெயரை அம்மாவிடமோ பாட்டியிடமோ இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்க, எந்த லைன் என்பதையும் சேர்த்து. ஊருக்குத் திரும்பிப் போன பெரியப்பாக்கள் யாராவது இன்னும் இருந்தால், வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டு அவர்கள் குரலில் பதிவு செய்து அனுப்புங்கள். இந்த வருஷத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் பற்றவில்லை, பெயர் கொடுப்பவர்கள் இன்பாக்ஸ் பண்ணுங்க. பந்தலில் நிற்பவர்களுக்கு இந்த முறை ஒரு கூடுதல் வேலை உண்டு: மோர் ஊற்றும்போது, நாற்காலியில் இருப்பவரிடம் நாம் முந்திக்கொண்டு கேட்கணும், "தாத்தா, நீங்க எந்த லைன்?"

முருகா சரணம்.